எட்டுத் தட்டு

நூற்றாண்டு மலருக்குப் பாடகர் குழு வரலாறு,
இரண்டு பக்கத்துக்கு மிகாமல்,
என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள்.
கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதுகிறவள்,
ஆல்ட்டோவில் கடைசி நாற்காலி,
கையெழுத்து வேறு நன்றாயிருக்குமாம்.

மினிட்ஸ் நோட்டுகள் ஆறு.
மூன்றாவது, புயல் வருஷத்து வெள்ளத்தில் ஊறிக் காய்ந்து
அப்பளமாய் விறைத்திருக்கிறது.
முதல் நோட்டின் முதல் வரவு:
ஆர்மோனியம் ஒன்று, உபயம் மிராசு சாமிதாஸ் பிள்ளை.
முதல் செலவு:
ஆர்மோனியத்துக்குள் எலி, பூனை வாங்கிய வகையில் நாலணா.

தொடக்கத்தில் பாஸ் இல்லை.
டெனர்வரைக்கும் மேலத்தெருவே போதுமாயிருந்தது.
அடிக்குரலுக்கு ஆள் தேடி
வீரசோழன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனார்
நடத்துநர் எபினேசர்.
மூட்டை தூக்கும் நெஞ்சுகளில் நாலு கிடைத்தன:
யோபு, ஆசீர்வாதம், மாசிலாமணி, இன்னொரு யோபு.
அவர்கள் நிற்கப் பின்சுவர் ஓரம் என்று
ஒரு தீர்மானம் இருக்கிறது.
அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்து,
மூன்று மையில்.

ஐம்பத்தொன்று, மாசி. அறுப்பின் பண்டிகை.
எபினேசர் கட்டிய பாட்டில் மூன்றாம் சரணம்.
எல்லாரும் நிறுத்த, பாஸ் மட்டும் தனியே இறங்கும்:
‘களம் நிறைந்தது.’
எட்டுத் தட்டு.
அந்த வாரம் அக்கரையில்
அரிவாளைக் கீழே வைத்திருந்தார்கள்,
கலத்துக்கு அரை மரக்கால் கூடக் கேட்டு.
முன்பெஞ்சில் பிள்ளை.
பின்சுவரில் நாலு ஆள் அகலத்துக்குச் சுண்ணாம்பு.

டெனரில் யாராவது பாடியிருக்கலாம்,
சுரம் அப்படியொன்றும் ஆழமில்லை.
எபினேசர் உயர்த்திய கையோடு நின்றார்.
ஆர்மோனியத்தில் விரலில்லை; கால் மட்டும் மிதித்தபடி இருக்க
துருத்தி மூச்சு விட்டது.
(துருத்தி என் கற்பனை. நோட்டில் இருப்பது ஒரே வரி:
பாஸ் வரவில்லை.)

பதினோராம் நாள் பேச்சு கால் மரக்காலில் முடிந்தது.
சனிக்கிழமை ஒத்திகைக்கு நாலு பேரும் வந்தார்கள்.
மூன்றாம் சரணத்தில் எல்லாரும் நிறுத்தினார்கள்.
அவர்களும் நிறுத்தினார்கள்.
‘அவ்விடத்தில் பாட பாஸ் சம்மதிக்கவில்லை.
நடத்துநர் வற்புறுத்தவில்லை.’
அடுத்த வரி,
பெட்ரோமாக்ஸுக்கு மண்ணெண்ணெய் இரண்டு பாட்டில்.

அதற்கப்புறம் அதை யாரும் பாடியதில்லை.
தரங்கம்பாடிப் போட்டியில் ஐந்து மதிப்பெண் கழித்தார்கள்.
அச்சுப்பிழையென்று நினைத்த ஒரு போதகர்
புதிதாய்ச் சொல் போட்டுத் தந்தார்.
நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டோம்.
இப்போது கீபோர்டு வந்துவிட்டது.
தாளத்தை ஓடவிட்டால் அதற்கு நிற்கத் தெரியாது,
ஜெஃப்ரின்தான் பொத்தானை அமுக்க வேண்டும்.
போன வருஷம் மறந்துவிட்டான்.
ஆளில்லாத இடத்தில்
எட்டுத் தட்டும் டிரம் அடித்துத் தீர்த்தது.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன்.
மலர்க்குழு கூடியது.
பின்னட்டை விளம்பரம் பிள்ளையின் பேரன்,
டிராக்டர் ஷோரூம்.
“பழைய சங்கதி, சிஸ்டர்” என்றார்கள்,
கோபமில்லாமல், டீ கொடுத்து.
ஐம்பத்தொன்றை எடுத்துவிட்டேன்.
எடுத்த இடத்தை மூடவில்லை.

இன்று காலை மயிலாடுதுறை அச்சகத்திலிருந்து போன்.
“மேடம், பதினாலாம் பக்கம் நடுவுல
எட்டு வரி காலியா கெடக்கு.
சிலுவை ஒண்ணு வச்சிடவா? பூ ஏதாவது?”
வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.
“காலி எடத்துக்கும் அதே ரேட்டுதான் மேடம்.”
தெரியும் என்றேன்.